ஸ்ட்ரெப்டோமைசிஸில் மரபணுப் பரிமாற்றம் தேடப் போகிறீர்களா? மண் எடுப்பது முதல் ஒப்படைப்பது வரை

ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் என் கைடு கொடுத்த தலைப்பு இது: மண்ணில் ஆன்டிபயாடிக் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுக்களை வாங்கிக்கொள்கின்றன, அதற்குச் சான்று பிடி. கேட்கும்போதே உற்சாகமாக இருந்தது. ஆனால் எங்கே தொடங்குவது, யாரிடம் அனுமதி வாங்குவது, எதற்கு எவ்வளவு ஆகும் என்று சொல்ல ஆள் இல்லை. முதல் 14 மாதத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தும், கட்டுரையில் போட ஒரு படம்கூட என் கையில் இல்லை. அதே தலைப்போடு இப்போது சேருகிறவர்களுக்கு அந்த 14 மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மண்ணில் இழை இழையாக வளர்ந்து ஆன்டிபயாடிக் தயாரிக்கும் பாக்டீரியாப் பேரினமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றி அடிப்படை தெரிந்துதான் வந்திருப்பீர்கள். மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இவற்றால் வருபவை. ஒன்று, இதன் குரோமோசோம் வட்டம் அல்ல, இரண்டு முனைகள் உள்ள நீளக் கோடு. பெரும்பாலும் 80 லட்சம் முதல் 1 கோடி டிஎன்ஏ எழுத்து நீளம், அதாவது ஈ.கோலை பாக்டீரியாவினுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு, அந்த எழுத்துகளில் 70 சதவீதத்துக்கு மேல் ஜி, சி. மூன்று, உயிர் வாழத் தேவையான மரபணுக்கள் நடுப்பகுதியில் எல்லா ஸ்ட்ரெயின்களிலும் (தனித்தனியாகப் பிரித்தெடுத்த வகைகளிலும்) கிட்டத்தட்ட ஒரே வரிசையில் இருக்கும். முனைப்பக்கம் உள்ள இரண்டு கைகள் அப்படி இல்லை, ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும். ஒரு ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கும் மரபணுக்கள் சேர்ந்து நிற்கும் கொத்துகளில் பலவும் அந்தக் கைகளில்தான் இருக்கின்றன.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள், அப்புறம் மண்ணுக்குப் போங்கள்

"மரபணுப் பரிமாற்றம் பற்றிய ஆய்வு" என்பது கேள்வி இல்லை. உங்கள் கேள்வி இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யுங்கள்.

ஒரே இடத்து மண்ணில் வாழும் தூரத்து உறவு ஸ்ட்ரெயின்களிடம் ஒரே ஆன்டிபயாடிக் கொத்து இருக்கிறதா? இதற்கு நாலைந்து ஸ்ட்ரெயின்களின் முழு ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ வரிசை, வேண்டும். கூடவே பொதுத் தரவுத்தளத்தில் உள்ள உறவினர்களின் ஜீனோம்களும் வேண்டும்.

ஒரு கொத்து எந்த வண்டியில் (செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும் எந்த டிஎன்ஏ துண்டில்) ஏறி வந்தது? இதற்கு ஜீனோம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளமாகக் கிடைத்தாக வேண்டும்.

பரிமாற்றம் என் கண்முன்னே நடக்குமா? இது பிளேட் வேலை. உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

நான் மூன்றையும் ஒன்றாகச் செய்யப் பார்த்தேன். 140 காலனிகளை எடுத்து, 62 ஸ்ட்ரெயின்களுக்கு 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் மரபணு) சீக்குவென்ஸ் செய்து, அதாவது எழுத்து வரிசையைப் படித்து, ஆறு ஜீனோம்களை மலிவு விலைத் திட்டத்தில் போட்டேன். அந்த ஆறில் ஒன்றுகூட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தரத்தில் இல்லை. ஸ்ட்ரெயின் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் முழுதாக இருக்கட்டும்.

2. காகிதங்கள்

மண்ணைத் தொடும் முன் முடிக்க வேண்டியவை இவை.

சொந்த நிலம் அல்லது பட்டா நிலத்தில் எடுப்பதாக இருந்தால் உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். சர்வே எண், கிராமம், தேதி, எத்தனை கிராம் மண், எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். துறைத் தலைவரின் முத்திரையோடு உங்கள் தரப்புக் கடிதமும் ஒன்று. இந்த இரண்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எங்கே, யார் அனுமதியோடு எடுக்கப்பட்டது என்று ஆய்விதழ்கள் கேட்பதுண்டு.

காப்புக்காட்டில் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். நான் தேரிக்காட்டுச் செம்மணலைத்தான் முதலில் குறிவைத்தேன். அதில் ஒரு பகுதி காப்புக்காடு. விண்ணப்பித்து ஐந்து மாதம் காத்திருந்தேன். கடைசியில் அதே செம்மணல் உள்ள பட்டா நிலத்துப் பனந்தோப்பு ஒன்றில் உரிமையாளரிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் கடிதம் கையெழுத்தானது. உங்கள் கேள்விக்குக் காட்டு மண்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், முதல் ஆண்டில் பட்டா நிலத்திலேயே தொடங்குங்கள். காட்டுக்கான விண்ணப்பம் ஒரு பக்கம் நடக்கட்டும்.

2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன் இந்திய நிறுவனத்தில் வணிக நோக்கம் இல்லாமல் ஆய்வு செய்ய, மண் எடுப்பதற்கென்று தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளி சேர்ந்தால், கல்ச்சரையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால், காப்புரிமை கேட்கப் போவதாக இருந்தால் கதை வேறு. அந்தந்தக் கட்டத்துக்கு முன்பே ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவதும் வெளிநாட்டாருக்கு ஆய்வு முடிவைக் கைமாற்றுவதும் ஒன்றல்ல, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது, படிவங்களும் மாறியிருக்கின்றன. சீனியரின் பழைய கோப்பைப் பார்த்துப் படிவம் நிரப்பாதீர்கள். ஆணையத்தின் தளத்தில் இப்போது இருப்பதைப் பதிவிறக்குங்கள்.

3. மண் எடுப்பது

இது எளிது. மேல் சருகைத் தள்ளிவிட்டு 5 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், கிருமி நீக்கிய கரண்டியால் 50 கிராம் போதும். ஒரு தோப்பில் ஐந்து இடம். ஜிபிஎஸ், மண்ணின் பி.எச்., பக்கத்தில் நிற்கும் செடி ஆகியவற்றை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். மழை பெய்து முடிந்த மறுநாள் போகாதீர்கள். சேறாக இருக்கும் மண்ணில் வேகமாக வளரும் மற்ற பாக்டீரியாக்களே பிளேட்டை நிரப்பும். நிழலில் ஒரு வாரம் காய்ந்த மண்ணே நல்லது, ஏனென்றால் ஸ்ட்ரெப்டோமைசிஸின் ஸ்போர்கள் வறட்சியைத் தாங்கும்.

4. பிரித்தெடுப்பது

காய்ந்த மண்ணை 55 முதல் 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். கொஞ்சம் கால்சியம் கார்பனேட் கலப்பதும் உண்டு. பிறகு ஒரு கிராமுக்கு 9 மி.லி. தண்ணீர் என்று கலக்கி, ஆயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரை நீர்த்து, ஸ்டார்ச் கேசீன் அகாரில் பரப்புங்கள். பூஞ்சையை அடக்க சைக்ளோஹெக்சிமைடு, மி.லி.க்கு 50 மைக்ரோகிராம். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை அடக்க நாலிடிக்ஸிக் அமிலம், 20 முதல் 25 மைக்ரோகிராம். சைக்ளோஹெக்சிமைடு நச்சு. கையுறை இல்லாமல் எடை போடாதீர்கள்.

28 டிகிரியில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். மூன்றாம் நாள் பிளேட்டில் வழவழவென்று பரவியிருப்பவை பெரும்பாலும் பேசிலஸ். அதைப் பார்த்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் மெதுவாகத்தான் முகம் காட்டும், பலவற்றுக்கு ஒரு வாரம்கூட ஆகும். 14 நாள் வரை வையுங்கள், அகார் காயாமல் இருக்க பிளேட்டை பாராஃபிலிம் சுற்றிக் கவிழ்த்து வையுங்கள்.

காலனியை அடையாளம் காண்பதற்கு என் சீனியர் சொல்லிக்கொடுத்த வழி இன்றும் எனக்குத் துணை. லூப்பால் தொட்டுப் பாருங்கள். மற்ற காலனிகள் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வரும். இது வராது. தோல் மாதிரி விறைப்பாக அகாரைப் பிடித்துக்கொண்டிருக்கும், லூப் மேலே வழுக்கிப் போகும். மேல்பரப்பில் சாம்பலோ வெள்ளையோ இளஞ்சிவப்போ, சுண்ணாம்பு தூவிய மாதிரி ஸ்போர் பொடி இருக்கும். முதல் மழையின் மண்வாசனை வரும். அந்த வாசனைக்குக் காரணம் ஜியாஸ்மின், அதைத் தயாரிப்பவற்றில் முக்கியமானவை இவைதான். ஆனால் வாசனைக்காக மூக்கைப் பிளேட்டுக்குள் விடாதீர்கள். ஸ்போர்கள் காற்றில் எழும், பக்கத்து பிளேட்டும் கெட்டுப்போகும்.

கிருமி நீக்கிய பற்குச்சியால் குத்தி எடுத்து ஐஎஸ்பி-2 என்ற வளர்ப்பு அகாரில் கோடு போடுங்கள். இரண்டு மூன்று முறை தனிக் காலனி எடுத்ததும் உடனே 20 சதவீத கிளிசராலில் ஸ்போர் ஸ்டாக் தயாரித்து, உறைபெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து குழாய்.

இந்த ஸ்டாக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் குரோமோசோமின் முனைகள் நிலையானவை அல்ல. பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் கைப்பகுதியில் பெரிய துண்டுகள் தானாகவே கழன்று போகும். நீங்கள் தேடும் கொத்துகள் இருப்பதும் அதே இடத்தில்தான். என் ஸ்ட்ரெயின் ஒன்று ஆறு மாதத்தில் ஸ்போர் போடுவதை நிறுத்தி வழுக்கையாகிவிட்டது, ஈ.கோலையைத் தடுக்கும் குணமும் போய்விட்டது. கிளிசரால் ஸ்டாக் இல்லாததால் அதை மீட்கவே முடியவில்லை. எல்லா வேலையையும் முதல் ஸ்டாக்கிலிருந்து தொடங்குங்கள்.

இந்தக் கட்டத்துக்கு இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும். ரசாயனங்களுக்கு எனக்கு ஆனது ஏறக்குறைய 35,000 ரூபாய். இங்கேயும் கீழேயும் சொல்லும் தொகைகள் நான் கொடுத்தவை, ஜிஎஸ்டி தனி. நீங்கள் புதிதாகக் கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எதை ஜீனோம் வரை கொண்டுபோவது

எல்லாவற்றுக்கும் 16எஸ் செய்யாதீர்கள். 62 ஸ்ட்ரெயினுக்கு, ஒன்றுக்கு 600 ரூபாய் வீதம் 37,200 ரூபாய் கொடுத்தேன். பாதிக்கு மேல் ஒரே ஸ்ட்ரெயினின் நகல்கள் என்று பிறகு தெரிந்தது. முதலில் காலனி நிறம், ஸ்போர் நிறம், அகாரில் ஊறும் நிறமி ஆகியவற்றைப் பார்த்துக் குழு பிரியுங்கள். அப்புறம் பாக்ஸ்-பிசிஆர் கைரேகை (ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும் டிஎன்ஏ பட்டை வடிவம்) எடுங்கள், லேபிலேயே சில நூறு ரூபாயில் முடியும். குழுவுக்கு ஒன்றை மட்டும் சீக்குவென்ஸுக்கு அனுப்புங்கள். பிசிஆர் வேலை செய்யவில்லையென்றால் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்த்துப் பாருங்கள். ஜி-சி அதிகமான டிஎன்ஏ எளிதில் பிரிந்து கொடுக்காது.

16எஸ் முடிவில் "99.8 சதவீதம் ஒற்றுமை" என்று வந்ததும் இனத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸில் வெவ்வேறு இனங்களுக்கே 16எஸ் ஒன்றாக இருப்பதுண்டு. ஏடிபிடி, ஜைர்பி, ரெக்ஏ, ஆர்பிஓபி, ட்ரிப்பி என்ற ஐந்து மரபணுக்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். ஜீனோம் கிடைத்த பிறகு சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95-96 சதவீதம் என்பது இன எல்லை.

நம் கேள்விக்குத் தேவை ஒரே குழியிலிருந்து வந்த, உறவில் தூரமான, ஆனால் தடுப்புக் குணத்தில் ஒத்த இரண்டு மூன்று ஸ்ட்ரெயின்கள். ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய உறவினரின் ஜீனோம் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பிட ஆள் இல்லாத ஸ்ட்ரெயினை வைத்துப் பரிமாற்றத்தைக் காட்ட முடியாது.

6. டிஎன்ஏ எடுப்பது

சாதாரண பாக்டீரியா கிட்டை நம்பாதீர்கள். இழை இழையாக வளரும் இந்த உடலின் சுவர் தடிப்பு. சுவரைக் கரைக்கும் நொதியான லைசோசைமில் 37 டிகிரியில் ஒரு மணி நேரமாவது வையுங்கள், இழைகள் கரைந்து குழம்பு கொழகொழவென்று ஆகும் வரை. ஸ்போர் போட்ட பழைய கல்ச்சர் வேண்டாம். திரவ ஊடகத்தில் 36 முதல் 48 மணி நேரம் வளர்ந்த இளம் இழைகளே நல்லவை. வளர்ச்சி ஊடகத்தில் கொஞ்சம் கிளைசின் சேர்த்தால் சுவர் இன்னும் எளிதாக உடையும்.

அடுத்தது புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ்-கே. இதை விடவே விடாதீர்கள். குரோமோசோமின் இரண்டு முனைகளிலும், நீளக்கோட்டு பிளாஸ்மிட்களின் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏக்களின்) முனைகளிலும் ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் செரிக்காமல் ஃபீனால் போட்டால் அந்த டிஎன்ஏ புரத அடுக்கோடு போய்விடும். பரிமாற்றத்தில் முக்கியமான வண்டிகள் இந்த நீளக்கோட்டு பிளாஸ்மிட்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் எஸ்சிபி1 பிளாஸ்மிட் மெத்திலினோமைசின் கொத்தை முழுதாகச் சுமக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸில் 18 லட்சம் எழுத்து நீளமுள்ள பிளாஸ்மிட் ஒன்றில் 20-க்கும் மேற்பட்ட கொத்துகள் இருக்கின்றன. உங்கள் ஸ்ட்ரெயினில் அப்படி ஒன்று இருந்து, அதை நீங்கள் ஃபீனாலில் கொட்டிவிட்டால் தெரியவே தெரியாது.

நுனி அகலமான பிப்பெட் டிப் பயன்படுத்துங்கள், வோர்டெக்ஸ் வேண்டாம். டிஎன்ஏ அளவை, ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப்பில் மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். நிறமியும் ஆர்என்ஏவும் சேர்ந்து இல்லாத டிஎன்ஏவைக் காட்டும். டிஎன்ஏவை மட்டும் அளக்கும் குபிட் கருவியில் அளந்து, ஜெல்லில் ஓட்டி, பட்டை கிணற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். மே மாதத்தில் கூரியரில் போடுவதாக இருந்தால் எத்தனாலில் படிய வைத்த டிஎன்ஏவாக அனுப்புவது நல்லது. நான் தண்ணீரில் கரைத்து ஐஸ் பையோடு அனுப்பிய மூன்று குழாய்கள் வெதுவெதுப்பாகப் போய்ச் சேர்ந்தன. மூன்றும் சிதைந்துவிட்டன என்று அறிக்கை வந்தது.

7. சீக்குவென்சிங் கொட்டேஷன்

பெரும் பணம் போகும் இடம் இது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிக்கும் குறுந்துண்டு முறை மலிவு. ஆறு ஜீனோமுக்கு தலா 12,000 வீதம் 72,000 கொடுத்தேன். ஒவ்வொன்றும் 300, 400 துண்டுகளாக வந்தது. காரணம் இது: ஆன்டிபயாடிக் தயாரிக்கும் பெரிய நொதிகள் ஒரே மாதிரியான கட்டங்கள் அடுத்தடுத்து வரும் அமைப்பு. 150 எழுத்துத் துண்டுகளை வைத்து அந்தத் தொடரைக் கோக்கவே முடியாது. கொத்தின் நடுவிலேயே ஜீனோம் அறுந்துபோகும். நமக்கு வேண்டியதோ கொத்தும் அதன் இரு பக்கத்து அண்டை வீடுகளும். எனவே நீள்துண்டு முறைதான் வழி. தேவைப்பட்டால் குறுந்துண்டு தரவைத் திருத்தத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்த நான்கு ஸ்ட்ரெயினுக்கு தலா 35,000 ஆனது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் அந்த 72,000-இல் இன்னும் இரண்டு ஸ்ட்ரெயின் முடித்திருப்பேன்.

கொட்டேஷனில் கேட்க வேண்டியவை: எத்தனை ஜிகா (நூறு கோடி) எழுத்து தரவு தருவீர்கள்? பல "பாக்டீரியா பேக்கேஜ்"கள் 50 லட்சம் எழுத்து ஜீனோமை மனதில் வைத்துப் போட்டவை. நம்முடையது 90 லட்சம். 100 மடங்கு ஆழம், அதாவது ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 100 முறை படிக்கப்பட, வேண்டுமென்றால் 0.9 ஜிகா ஆகிறது, எனவே 1 ஜிகாவுக்குக் குறையாமல் எழுத்தில் வாங்குங்கள். சீக்குவென்சிங்குக்கு டிஎன்ஏவைத் தயார்செய்யும் லைப்ரரி தயாரிப்பில் பிசிஆர் உண்டா? இல்லாத முறை நல்லது, பிசிஆர் செய்தால் ஜி-சி மிகுந்த பகுதிகள் விடுபடும். டிஎன்ஏ தேறவில்லையென்றால் மறுமுறை கட்டணம் யாருடையது? கருவியிலிருந்து வந்த பச்சைத் தரவு முழுவதையும் தருவீர்களா?

இன்னொன்று. தொகுப்பு அறிக்கையில் "குரோமோசோம் வட்டமாக மூடவில்லை, முழுமையற்றது" என்று வரும். பதறாதீர்கள். இது கோடு, மூடக் கூடாது. மாறாக "வட்டமாக மூடியது" என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இரு முனைகளிலும் தலைகீழாக ஒரே வரிசை இருப்பதால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடுவதுண்டு.

பர்ச்சேஸ் கமிட்டி, மூன்று கொட்டேஷன், பணம் விடுவிப்பு எல்லாம் சேர்த்து எனக்கு மூன்று மாதம், தரவு வர இன்னும் இரண்டு மாதம். டிஎன்ஏ தயாராகும் முன்பே கொட்டேஷன் கோப்பை நகர்த்தத் தொடங்குங்கள்.

8. கொத்துகளைப் பார்ப்பது

இங்கிருந்து மென்பொருள் எல்லாமே இலவசம். ஜீனோமின் தரத்துக்கு செக்எம், இன அடையாளத்துக்கு டிஒய்ஜிஎஸ் தளம், கொத்துகளுக்கு ஆன்டிஸ்மாஷ். சொந்த சர்வர் இல்லையென்றால் கேலக்ஸி தளத்தில் பலவற்றை ஓட்டலாம்.

ஆன்டிஸ்மாஷ் ஒரு ஸ்ட்ரெயினுக்கு 25, 30 கொத்து காட்டும். பழைய பதிப்புகளில் பக்கத்தில் "ஒற்றுமை 100 சதவீதம்" என்று ஆன்டிபயாடிக்கின் பெயரோடு இருக்கும். அந்தச் சதவீதம் வரிசை ஒற்றுமை இல்லை. தெரிந்த கொத்தில் உள்ள மரபணுக்களில் எத்தனைக்கு இங்கே ஜோடி கிடைத்தது என்ற கணக்குதான். 100 என்றிருந்தும் வேறு வேதிப்பொருள் வரலாம், 40 என்றிருந்தும் அதே குடும்பப் பொருள் வரலாம். கொத்து துண்டின் ஓரத்தில் நிற்கிறது என்ற குறிப்பு இருந்தால் அதை வைத்து எந்த முடிவும் எழுதாதீர்கள்.

என் அரையாண்டு அறிக்கை ஒன்றில் நான்கு ஸ்ட்ரெயினிலும் ஒரே டெஸ்ஃபெரியாக்சமைன் (இரும்பைப் பிடிக்கும் பொருள்) கொத்து இருப்பதைக் காட்டி, பரிமாற்றம் நடந்திருக்கிறது என்று எழுதினேன். தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி: "இது இல்லாத ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்று காட்டுங்கள்." காட்ட முடியவில்லை. ஜியாஸ்மின், ஹோப்பீன், எக்டோயின், டெஸ்ஃபெரியாக்சமைன் கொத்துகள் இந்தப் பேரினத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. அவை மூதாதையிடமிருந்து வழிவழியாக வந்தவை. முதல் வேலையாக இந்த நான்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

9. "இது பரிமாற்றம்தான்" என்று சொல்ல என்ன வேண்டும்

வழிகாட்டியின் மையம் இதுதான். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். நான் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் எழுதுகிறேன்.

முதலாவது, மரங்கள் முரண்பட வேண்டும். நூற்றுக்கணக்கான பொது மரபணுக்களை வைத்து ஸ்ட்ரெயின்களின் குடும்ப மரத்தை ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் போடுங்கள். கொத்தின் மரபணுக்களுக்குத் தனித்தனியே மரம் போடுங்கள். தூரத்து ஸ்ட்ரெயின்களின் கொத்துகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து, கிளையின் நம்பகத்தன்மையும் உயர்வாக இருக்க வேண்டும். கொத்துக்கு ஒரே ஒரு மரபணு மட்டும் எடுத்து மரம் போட்டால் ஏமாறுவீர்கள், முக்கியமாக பல ஆன்டிபயாடிக்குகளைக் கட்டும், ஒரே மாதிரிக் கட்டங்கள் கொண்ட பாலிகீட்டைடு நொதிகளில். அந்தக் கட்டங்கள் தமக்குள்ளேயே பகுதிகளை மாற்றிக்கொள்வதால் மரம் குழம்பும்.

இரண்டாவது, நெருங்கிய உறவினரிடம் அது இருக்கக் கூடாது, அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் படமாகக் காட்டும் கிளிங்கரில் உங்கள் ஸ்ட்ரெயினையும் நெருங்கிய இரண்டு உறவினர்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இடப்பக்க அண்டை மரபணுக்கள் ஒன்று, வலப்பக்கமும் ஒன்று, நடுவில் உங்களிடம் மட்டும் கொத்து. அப்படியென்றால் உள்ளே நுழைந்திருக்கிறது. உறவினர்களில் ஒருவரிடம் பாதிக் கொத்து கிடந்தால் அவர் இழந்திருக்கிறார், உங்கள் ஸ்ட்ரெயின் வாங்கவில்லை. இழப்பையும் வரவையும் பிரிக்க இரண்டு உறவினர்களாவது வேண்டும்.

மூன்றாவது, வந்த வண்டியின் தடம். இந்தக் கூட்டத்தில் அதிகம் பார்ப்பது, குரோமோசோமுக்குள் நுழைந்து உட்காரும், தேவைப்பட்டால் கிளம்பி அடுத்த செல்லுக்குப் போகும் துண்டுகள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆம்போஃபேசியன்ஸின் பிஎஸ்ஏஎம்2 நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. இவை டிஆர்என்ஏ மரபணுவின் வாலில் போய் உட்காரும். வாலின் நகலைத் தன்னோடு கொண்டுவருவதால் அந்த டிஆர்என்ஏ கெடாது. எனவே ஒரு பக்கம் டிஆர்என்ஏ, அதன் பக்கத்தில் துண்டைக் குரோமோசோமில் நுழைக்கும் இன்டக்ரேஸ் மரபணு, மறுகோடியில் டிஆர்என்ஏ வாலின் அதே வரிசை மறுபடியும் என்று இருக்கும். இத்தகைய துண்டுகளைத் தேடும் ஐசிஇஃபைண்டர் மென்பொருள் அந்த மறுபிரதியை எல்லா நேரமும் காட்டும் என்று சொல்ல முடியாது. நான் திரையில் டிஆர்என்ஏவின் கடைசி 50 எழுத்தை நகலெடுத்து, சுற்றியுள்ள 1,50,000 எழுத்தில் சாதாரணமாகத் தேடினேன். 61,000 எழுத்துக்கு அப்பால் அதே 50 எழுத்து, ஒன்றுகூட மாறாமல் நின்றது. நடுவில் கடத்தும் மரபணுவும் இருந்தது. ஒன்றரை ஆண்டாகத் தேடியதை அன்று மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன். இதை நீங்கள் முதல் வாரத்திலேயே கையால் தேடிப் பாருங்கள்.

இனி பொறிகள். "ஜி-சி சதவீதம் மாறுகிறதா என்று பார்" என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அது பெரும்பாலும் உதவாது. கொடுப்பதும் வாங்குவதும் ஜி-சி மிகுந்த ஆக்டினோபாக்டீரியாவாக இருந்தால் வித்தியாசமே தெரியாது. ஜி-சி மாறவில்லை என்பதால் பரிமாற்றம் இல்லை என்றும் எழுதாதீர்கள்.

இரண்டு ஸ்ட்ரெயினில் கொத்து ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தால் மகிழ்ச்சிக்கு முன் கலப்படத்தைச் சந்தேகியுங்கள். ஸ்டாக்கிலிருந்து புதிதாக டிஎன்ஏ எடுத்து, கொத்துக்குள் ஒரு முனையும் வெளியே ஒரு முனையுமாக பிசிஆர் செய்து உறுதிப்படுத்துங்கள்.

எண்ணிக்கையையும் பெரிதாக்காதீர்கள். இந்தப் பேரினத்தின் வயது ஏறக்குறைய 38 கோடி ஆண்டு என்றும், வாங்கி நிலையாக வைத்துக்கொள்ளும் மரபணுக்கள் 10 லட்சம் ஆண்டுக்குச் சராசரியாக 10 அளவில்தான் என்றும் 2017-இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. வருவது அடிக்கடி நடக்கலாம், தங்குவது அபூர்வம். நான்கு ஜீனோமில் 30 பரிமாற்றம் கண்டேன் என்று எழுதினால், வந்து போனதையும் நிலைத்ததையும் பிரித்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள்.

கொத்துக்குள் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று தனியே குறியுங்கள். தயாரிக்கும் பாக்டீரியா தன் மருந்தாலேயே சாகாமல் இருக்க அது வேண்டும். எதிர்ப்பு மரபணுவோடு வந்த கொத்து, புது வீட்டில் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். கட்டுரையின் விவாதப் பகுதிக்கு இது வலுவான பத்தி.

இந்தக் கட்டத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

10. பிளேட்டில் நடத்திக் காட்ட நினைத்தால்

இது எல்லோருக்கும் தேவையில்லை. செய்வதென்றால் முதலில் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு. மறுசேர்க்கை டிஎன்ஏ எதையாவது நுழைக்கிறீர்கள் என்றால் ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது. குழு அடிக்கடி கூடாது, அடுத்த கூட்டத் தேதியை இன்றே கேளுங்கள்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் தமக்குள் கடத்துவது திட ஊடகத்தில், இழை இழையைத் தொடும்போது. திரவ ஊடகத்தில் சுற்றவிட்டு முடிவு வரவில்லை என்று இரண்டு மாதம் போக்காதீர்கள். சோயா மாவு, மேனிட்டால், அகார் தலா 20 கிராம், ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர். இந்த ஊடகத்தில் ஸ்போர் நன்றாக வரும். இரு ஸ்ட்ரெயினின் ஸ்போர்களைக் கலந்து பரப்பி, ஐந்தாறு நாளில் புது ஸ்போர்களை அறுவடை செய்து, பெற்றோர் ஸ்ட்ரெயின்கள் ஆளுக்கு ஒன்றாகத் தாங்கும் இரண்டு ஆன்டிபயாடிக்கும் உள்ள பிளேட்டில் போடுங்கள்.

அதே நாளில் ஒவ்வொரு பெற்றோரையும் தனியாக அதே இரட்டை பிளேட்டில் போட மறக்காதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் ஒரே ஒரு எழுத்து மாறினாலே எதிர்ப்பு வந்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டு பிளேட் இல்லாத எண்ணிக்கையை யாரும் ஏற்கமாட்டார்கள். ஈ.கோலையிலிருந்து கடத்துவதாக இருந்தால் இடி12567 போன்ற மெத்தில் குறி போடாத ஸ்ட்ரெயினைப் பயன்படுத்துங்கள். குறி உள்ள டிஎன்ஏவைப் பல ஸ்ட்ரெப்டோமைசிஸ்கள் வெட்டிப் போட்டுவிடும்.

11. ஒப்படைப்பு

ஜீனோமை அமெரிக்காவின் பொதுத் தரவுத்தளமான என்சிபிஐயில் பதிய பயோபிராஜெக்ட், பயோசாம்பிள் எண்களை முன்பே வாங்குங்கள். அரசு நிதி என்றால் ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலும் பதிய வேண்டும், உங்கள் நிதி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்ட்ரெயினை சண்டிகரின் எம்டிசிசி, புனேவின் என்சிஎம்ஆர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். புது இனம் என்று அறிவிக்கப் போவதாக இருந்தால் இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் இருக்க வேண்டும் என்பது பெயரிடல் விதி. அதாவது கல்ச்சர் வெளிநாடு போகிறது, மறுபடியும் பல்வகைமை ஆணையத்தின் நடைமுறை தொடங்குகிறது. படிவத்தோடு நில உரிமையாளரின் கடிதம், சர்வே எண், ஜிபிஎஸ் எல்லாம் கேட்பார்கள். இரண்டாம் படியில் வாங்கி வைத்தது அப்போது கைகொடுக்கும்.

சேமிப்பு மையம் கல்ச்சரை வளர்த்து, தூய்மை பார்த்து, எண் கொடுக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. ஒரு முறை கலப்படம் என்று திருப்பி அனுப்பினால் அதற்குமேல் இன்னொரு இரண்டு மாதம். சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது ஐந்து மாதம் முன்னதாகக் குழாய்களை அனுப்பிவிடுங்கள்.